கண்ணாடி ஓர அலுமினியப் பட்டை வெள்ளை பூத்துவிட்டது: பாலிஷ் போடலாமா, படலத்தை உரிக்கணுமா?

#1 நீலாங்கரை நவீன்

வணக்கம். வண்டி 2013 மாடல் ஜெர்மன் செடான். நிறுத்துறது கடலுக்குப் பக்கத்துல, வெயில்ல. கதவுக் கண்ணாடியைச் சுத்தி ஓடுற வெள்ளிப் பட்டை நாலு கதவுலயும் வெள்ளை பூத்துக் கிடக்கு. கண்ணாடிக்கு மேல இருக்கிற பட்டை ஓரளவு தேவலை, கீழ இருக்கிறதுதான் மோசம். வழிஞ்ச கோடுகளும், நடுவுல பால்வெள்ளைத் திட்டுகளுமா இருக்கு. ஷாம்பு, கிளே பார் (பெயின்ட்ல ஒட்டின அழுக்கை எடுக்கிற களிமண் கட்டி), பெயின்ட் பாலிஷ் எதுக்கும் அசையலை.

மெட்டல் பாலிஷ் ட்யூப் வாங்கித் தேய்ச்சா போகுமா? காஸ்டிக் சோடா போட்டு உரிக்கிற வீடியோ நிறைய சுத்துது, அது சரியா? புதுப் பட்டை விலை கேட்டா தலை சுத்துது, அதனால மாத்துறது கடைசி வழியா இருக்கட்டும்.

#2 அமிலகாரம்

நவீன், ட்யூபை இப்போது திறக்க வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது அநேகமாக அனோடைஸ் செய்த அலுமினியம். வெறும் அலுமினியத்துக்குச் செய்யும் வைத்தியம் இதைக் கெடுக்கும்.

அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன்மேல் ஒரு ஆக்சைடு படலம் போட்டுக்கொள்ளும். தடிமன் சில நானோமீட்டர்தான். தொழிற்சாலையில் அதையே மின்சாரம் பாய்ச்சிச் செயற்கையாக வளர்ப்பதுதான் அனோடைஸ்: 15 முதல் 20 சதவீத கந்தக அமிலம், 20 டிகிரியை ஒட்டிய வெப்பம், 12 முதல் 18 வோல்ட் டிசி, பட்டை நேர்முனையில். கார்ப் பட்டைக்கு 5 முதல் 15 மைக்ரான் வரை வளர்ப்பார்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு மெலிசு என்று புரியும். வளர்ந்த படலம் முழுக்க நுண்துளை. கடைசியாகக் கொதிநீரில் வைக்கும்போது ஆக்சைடு நீரை ஏற்று உப்பி, துளைகளை அடைத்துக்கொள்ளும். இதுதான் சீலிங்.

பளபளப்பு படலத்தில் இல்லை. அனோடைஸுக்கு முன்பே பாஸ்பாரிக், நைட்ரிக் அமிலக் கலவையில் முக்கிப் பளபளப்பாக்கிய உலோகம்தான் அடியிலிருந்து மின்னுகிறது. படலம் ஒளியை உள்ளே விடும் வரைக்கும்தான் அந்த மினுக்கு.

அலுமினிய ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை) 4 முதல் 8.5 வரைதான் அதற்கு நிம்மதி. வாட்டர் வாஷில் லாரிக்கும் காருக்கும் சேர்த்து அடிக்கும் மலிவு நுரைக் கரைசல்கள் பல பிஎச் 12-ஐத் தாண்டும். சூடான பட்டையில் அது காய்ந்தால் முதலில் சீலிங் கரையும், நுண்துளை திறக்கும், ஒளி சிதறும். நீங்கள் பார்க்கிற வெள்ளை அதுதான். கீழ்ப் பட்டையில் அதிகமாக இருப்பதும் இதனால்தான். கண்ணாடியில் அடித்ததெல்லாம் வழிந்து ரப்பர் விளிம்பில் தேங்கிக் காயும் இடம் அது. கடல் உப்பின் மேல் முதல் பழியைப் போடாதீர்கள். சீலிங் உடைந்த இடத்தில் புகுந்து குழி போடும் அடுத்த வேலைதான் உப்பினுடையது.

#3 பஃப் பட்டறை (கோவை)

சார் சொன்னது சரி. ஆனா 'அநேகமா'ன்னு வெச்சு வேலை ஆரம்பிக்கக் கூடாது, என்ன உலோகம்னு உறுதி பண்ணிக்கங்க தம்பி.

காந்தம் ஒட்டுச்சுன்னா அது 430 கிரேடு ஸ்டெயின்லெஸ், இந்த இழையே உங்களுக்குத் தேவையில்லை. ஒட்டலைன்னா மட்டும் அலுமினியம்னு முடிவு கட்டிடாதீங்க. 304 ஸ்டெயின்லெஸும் ஒட்டாது, குரோம் பூசின ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் ஒட்டாது. பிளாஸ்டிக்கை நகத்தால தட்டினா சத்தத்துலயே தெரிஞ்சிடும்.

அடுத்தது மல்டிமீட்டர். ஓம்ஸ்ல வெச்சு, மறைவான இடத்துல ரெண்டு முனையையும் கீறாம தொடுங்க. வெறும் அலுமினியம், ஸ்டெயின்லெஸ், குரோம் எல்லாமே பூஜ்யத்துக்குப் பக்கத்துல காட்டும். அனோடைஸ் மின்சாரம் கடத்தாது, ஓஎல்னு (மின் இணைப்பே இல்லைன்னு அர்த்தம்) நிக்கும். லாக்கர் (நிறமில்லாத பெயின்ட் பூச்சு) அடிச்சிருந்தாலும் ஓஎல்தான் வரும். ஆனா லாக்கர் வயசானா மஞ்சளாகும், ஓரத்துல உரியும், அடியில புழு ஓடின தடம் தெரியும். அனோடைஸ் உரியவே உரியாது, உலோகத்துல இருந்தே வளர்ந்தது.

கடைசியா துணிச் சோதனை. வெள்ளை பனியன் வேஸ்ட்ல கடுகளவு மெட்டல் பாலிஷ் தொட்டு ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தேய்ங்க. உடனே துணி கறுத்தா உலோகம் வெளிய இருக்கு. கறுக்கலைன்னா படலம் இருக்கு. அங்கங்க கறுத்தா படலம் அங்கங்க போயிடுச்சுன்னு அர்த்தம்.

#4 டீடெய்லர் செல்வா

இன்னொண்ணு. எல்லா வெள்ளையும் படலம் செத்த வெள்ளை கிடையாது. போர் தண்ணியில கழுவி வெயில்ல காயவிட்ட வண்டியில சுண்ணாம்பு உப்பும் இதே நிறத்துலதான் படியும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க: 5 சதவீத வெள்ளை வினிகரை மைக்ரோஃபைபர்ல நனைச்சு நிழல்ல 1 நிமிஷம் ஒத்தி வெச்சு, நல்ல தண்ணியில அலசித் துடைங்க. காஞ்ச பிறகும் வெள்ளை குறைஞ்சிருந்தா அது படிவு. இன்னும் ரெண்டு ஒத்தடத்துல முடிஞ்சிடும். அப்படியே இருந்தா படலம் போயிருக்கு. வினிகரை அதுக்கு மேல ஊறவிடாதீங்க, அதோட பிஎச் 2.5 பக்கம்.

'வீல் ஆசிட்'னு கேன்ல விக்கிறாங்களே, அதை இந்தப் பட்டை பக்கமே கொண்டு வராதீங்க. சிலதுல ஃபுளோரைடு அமிலம் இருக்கு. உலோகம் ஒரு பக்கம் இருக்கட்டும், கையில பட்டா எரிச்சல் உடனே தெரியாம உள்ள எலும்பு வரைக்கும் போகும்.

#5 நீலாங்கரை நவீன்

சோதனை எல்லாம் முடிச்சாச்சு. காந்தம் ஒட்டலை. மேல் பட்டையில ஓஎல், துணி கறுக்கலை. கீழ்ப் பட்டையில ரெண்டு கதவுல அங்கங்க கறுக்குது, மீட்டரும் அந்த இடத்துல 0.4 ஓம் காட்டுது. வினிகர்ல வழிஞ்ச கோடுகள் மட்டும் மங்கிச்சு, திட்டு அப்படியே இருக்கு.

#6 டீடெய்லர் செல்வா

அப்போ மேல் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் வேற வேற வேலை.

மேல் பட்டையில படலம் உயிரோட இருக்கு. அதுல மெட்டல் பாலிஷ் வேண்டாம். பெயின்ட்டுக்கான ஃபைன் கட் பாலிஷ், வெள்ளை ஃபோம் பேட், கையாலயே 30 செ.மீ. நீளத்துக்கு நீளவாக்குல 20 தடவை ஓட்டினா போதும். மேல் தோல் மைக்ரானுக்கும் கீழதான் போகும், மங்கல் குறையும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துடைச்சுட்டு சீலன்ட் (மெழுகு மாதிரி காவல் பூச்சு) போட்டு விட்டுடுங்க. அனோடைஸுக்குன்னே கிளீனர் பேஸ்ட்டும் கிடைக்குது, ஆட்டோசால் மாதிரி கம்பெனிங்க தனி ட்யூபாவே விக்கிறாங்க. சாதா மெட்டல் பாலிஷ் ட்யூபும் அதுவும் வேற, லேபிளைப் படிச்சு வாங்குங்க. பித்தளைக்கு இருக்கிற திரவ பாலிஷ் வேண்டவே வேண்டாம், அதுல அம்மோனியா இருக்கு, காரம்.

கீழ்ப் பட்டைக்கு மூணு வழி. வண்டியிலேயே வெச்சு வாட்டர் பேப்பர்ல படலத்தை எடுத்துட்டு வெறும் அலுமினியமா பாலிஷ் பண்றது. கழட்டி, காஸ்டிக்ல உரிச்சு, பஃப் போடுறது (சுத்துற துணி வீல்ல தேய்ச்சு மினுக்குறது). இல்லைன்னா கறுப்பு வினைல் ஒட்டி மறைக்கிறது. என் ஓட்டு மூணாவதுக்கு, காரணம் கீழ சொல்றேன். முதல்ல அண்ணன்மார் பேசட்டும்.

#7 பஃப் பட்டறை (கோவை)

வினைல் ஒட்டுறது வைத்தியம் இல்லப்பா செல்வா, போர்வை. அது இருக்கட்டும்.

வண்டியில வெச்சே செய்யறதுன்னா மாஸ்கிங் (பக்கத்து இடத்தை டேப் ஒட்டி மறைக்கிறது)தான் பாதி வேலை. வாட்டர் பேப்பர்ல இருக்கிற கறுப்புத் தூள் சிலிக்கான் கார்பைடு, கண்ணாடியையே கீறும். கண்ணாடி ஓரம் மூணு அடுக்கு டேப், ரப்பர் மேல ஒரு அடுக்கு, பெயின்ட் பக்கம் ரெண்டு அடுக்கு. அனோடைஸ் படலம் அலுமினா, அதாவது பழைய எமெரித் தாள்ல இருக்கிற அதே சரக்கு. 2000 நம்பர் பேப்பர்ல (நம்பர் கூடக் கூட தூள் நைஸ்) ஆரம்பிச்சா நாள் பூரா தேய்ச்சாலும் வழுக்கிக்கிட்டே போகும். 800-ல ஆரம்பிங்க. பக்கெட் தண்ணியில ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு பேப்பரை 10 நிமிஷம் ஊற வெச்சுக்கங்க. கடினமான ரப்பர் பிளாக் வெச்சு நீளவாக்குல தேய்க்கணும். விரலால தேய்ச்சா பள்ளம் விழும், பஃப் போட்டதும் அலை அலையா காட்டிக் கொடுக்கும்.

படலம் இருக்கிற வரைக்கும் வழியற தண்ணி வெள்ளையா இருக்கும், உலோகம் வந்ததும் சாம்பல் கறுப்பா மாறும். மொத்தப் பட்டையும் ஒரே மாதிரி கறுப்புத் தண்ணி விடுற வரை 800-ஐ விடாதீங்க. பாதியில 1000-க்குத் தாவினா மிச்சப் படலம் கடைசியில தீவு தீவா தெரியும். அதுக்கப்புறம் 1000, 1500, 2000. ஒவ்வொரு நம்பருக்கும் கோணத்தைக் கொஞ்சம் சாய்ச்சு மாத்துங்க, முந்தின நம்பரோட கீறல் போச்சான்னு அப்பத்தான் தெரியும். கடைசி நம்பர் மட்டும் நேர் நீளவாக்கு.

#8 அமிலகாரம்

பட்டை கழற்ற வருகிற வண்டியாக இருந்தால் காஸ்டிக் முறைதான் சீராக உரிக்கும். வண்டியில் மாட்டியபடியே காஸ்டிக் தடவுவதும், ஓவன் கிளீனர் நுரையை அடிப்பதும் கூடவே கூடாது. அவற்றிலும் இருப்பது காஸ்டிக்தான். பெயின்ட், ரப்பர், கதவுக்குள் இருக்கும் துத்தநாகப் பூச்சு எல்லாவற்றையும் தின்னும்.

தொட்டிக்கு 6 இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து இரு முனையும் அடைத்தால் போதும். அலுமினியப் பாத்திரம் மட்டும் கூடாது. லிட்டருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். கரையும்போதே கரைசல் 10 டிகிரிக்கு மேல் சூடேறும், ஆறவிடுங்கள். பட்டையில் ஒட்டியிருக்கும் ரப்பர், கிளிப், ஒட்டு நாடா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எண்ணெய் போக ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகே முக்க வேண்டும். எண்ணெய் விரல் பட்ட இடம் தாமதமாக உரியும், அந்தத் தடம் கடைசி வரை நிற்கும்.

கடிகாரத்தை விடக் குமிழியைப் பாருங்கள். படலம் இருக்கும்வரை ஏறக்குறைய அமைதி. உலோகம் வெளிப்பட்டதும் பட்டை நெடுக நுண்குமிழி பொங்கும், அது ஹைட்ரஜன். நம் ஊர் வெப்பத்தில் தடிமனைப் பொறுத்து 3 முதல் 8 நிமிடம் ஆகலாம். நெடுக ஒரே சீராகப் பொங்கியதும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் உலோகம் கரைந்து சொரசொரப்பாகும். நவீன் வண்டியில் ஏற்கெனவே படலம் போன திட்டுகள் முதல் நொடியிலேயே பொங்கும், மற்ற இடம் உரிவதற்குள் அங்கே பள்ளம் விழும். அந்த இரண்டு பட்டைகளுக்கும் காஸ்டிக் வேண்டாம், கோவை அண்ணன் சொன்ன 800 வாட்டர் பேப்பரே சரி.

எடுத்த பட்டை கறுத்திருக்கும், பயப்பட வேண்டாம். கலவையில் உள்ள இரும்பு, சிலிக்கான், செம்பு ஆகியவை காரத்தில் கரையாமல் கரியாக நிற்கின்றன. பட்டறையில் நைட்ரிக் அமிலத்தில் ஒரு முக்கு போடுவார்கள். வீட்டில் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசி, லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலக் கரைசலில் சாம்பல் நிற நைலான் பேடால் தேய்த்தால் பெரும்பகுதி போகும். மிச்சம் வாட்டர் பேப்பரில் போய்விடும். ஸ்டீல் வுல் மட்டும் வேண்டாம். அதன் இரும்புத் துணுக்கு அலுமினியத்தில் புதைந்து, மழைக்குத் துருவாகப் பூக்கும், சுற்றிலும் குழி விழும்.

#9 நெறியாளர்

காஸ்டிக் பகுதியைச் செய்யப் போகிறவர்கள் கவனிக்க: முழுக்க மூடிய கண் கவசம், முழங்கை வரை ரப்பர் கையுறை, மூடிய செருப்பு. திறந்த வெளி, பக்கத்தில் நெருப்போ பீடி சிகரெட்டோ கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் விடாமல் 20 நிமிடம் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவமனைக்கு. வினிகரையோ சிட்ரிக்கையோ கண்ணிலும் தோலிலும் ஊற்றி 'சமன்' செய்ய முயல வேண்டாம். பயன்படுத்திய கரைசலைச் செடிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ ஊற்றாதீர்கள். ஆறிய பிறகு சிட்ரிக் சேர்த்து பிஎச் தாள் 7-க்குப் பக்கத்தில் காட்டும் வரை சமன் செய்து, அடியில் வெள்ளைக் கூழாக ஏதாவது தங்கினால் அதை வடிகட்டிக் குப்பையில் போடுங்கள்.

#10 ஸ்காபரோ சிவா

தம்பி நவீன், உரிக்கிறதுக்கு முன்னம் ஒண்டை யோசிக்கவேணும். உரிச்சாப் பிறகு அது வெறும் அலுமினியம். கண்ணாடி மாதிரி மினுங்கும், ஆனால் காவல் இல்லை. இஞ்ச கனடாவில குளிர்காலத்தில றோட்டுக்கு உப்புப் போடுவினம். படலம் இல்லாத பட்டையை ஒரு சீசன் கவனிக்காமல் விட்டால் வெள்ளைப் புள்ளி புள்ளியாக் குழி விழுந்துபோகும். உங்கட கடற்கரைக் காத்து வருசம் முழுக்க அதே வேலையைத்தான் செய்யும். உரிக்கிற ஆக்கள் திரும்ப அனோடைஸ் செய்விக்கவேணும், இல்லாட்டி மாதம் தவறாமல் மெழுகு போடுற ஆளா இருக்கவேணும்.

கழட்டிப் பூட்டேக்கை இன்னொரு விசயம். அலுமினியப் பட்டையில ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ நேராப் பட்டால் உப்புத் தண்ணி நடுவில நிண்டு அலுமினியத்தைத்தான் அரிக்கும். நைலான் வாஷர் ஒண்டு போட்டு, இழையில லானோலின் கிறீஸ் பூசிப் பூட்டுங்கோ. செம்புக் கிறீஸ் பூசாதேங்கோ, அது அரிப்பைக் கூட்டும்.

#11 புல்லட் மாரி

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கவும். புல்லட் எஞ்சின் கவர்லயும் இதே வெள்ளை இருக்கு. இதே காஸ்டிக் கணக்கு அதுக்கும் சரியா வருமா?

#12 பஃப் பட்டறை (கோவை)

வராது மாரி. கவர் வார்ப்பு, சிலிக்கான் நிறைய. காஸ்டிக்ல போட்டா அலுமினியம் கரைஞ்சு சிலிக்கான் கறுப்பா நிக்கும், துளைத் துளையா ஆயிடும். உங்க கவர்ல அனோடைஸும் கிடையாது, மேல இருக்கிறது கிளியர் லாக்கர். பெயின்ட் ரிமூவர் தடவி 10 நிமிஷம் விட்டு பிளாஸ்டிக் கரண்டியால வழிச்சு எடுங்க, மண்ணெண்ணெய்ல கழுவுங்க, 600-ல இருந்து 2000 வரைக்கும் போய் பஃப் போடுங்க. எஞ்சின் சூட்டுல மெழுகு நிக்காது, வாரம் ஒருக்கா துடைக்கிறதுதான் வழி. இதுக்கு மேல பேசணும்னா தனி இழை போடுங்க.

நவீன், இப்ப பஃப் விஷயம். 2800 ஆர்பிஎம் பெஞ்ச் மோட்டார்ல 8 இஞ்ச் வீல் மாட்டினா விளிம்பு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1800 மீட்டர் ஓடும், அலுமினியத்துக்கு அது போதும். முதல்ல தையல் போட்ட காடா வீல், பழுப்பு ட்ரைபோலி சோப்பு (வீல்ல தடவுற பாலிஷ் கட்டி). அடுத்து தையல் இல்லாத லூஸ் வீல், வெள்ளை சோப்பு. ரெண்டு சோப்புக்கும் ஒரே வீலைப் பயன்படுத்தாதீங்க, மாறும்போது பட்டையையும் மைதா தூவித் துடைச்சிடுங்க. சோப்பை வீல் மேல ஒரு நொடி தொட்டு எடுத்தா போதும். அதிகமானா பட்டையில கறுப்புக் கோடா ஒட்டும், அதை எடுக்க அழுத்துவீங்க, அழுத்தினா சூடாகும், சூடான அலுமினியம் இழுபட்டு ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி மேடுபள்ளம் விழும். கை வைக்க முடியாத சூடு வந்துட்டா நிறுத்திடணும்.

பட்டையை வீலோட நடுக்கோட்டுக்குக் கீழதான் பிடிக்கணும். வீல் சுத்துற திசைக்கு எதிரா ஓரத்தைக் காட்டாதீங்க, பிடுங்கி எறிஞ்சிடும். ஒரு மீட்டர் நீளப் பட்டை மடங்கினா திரும்ப நிமித்த முடியாது. அதே வளைவுக்கு ஒரு மரச்சட்டம் செதுக்கி, இரட்டைப் பக்க டேப்ல பட்டையை ஒட்டிக்கிட்டுப் பண்றதுதான் பட்டறைக்காரன் வேலை. கையுறை போட்டுக்கிட்டு வீல்கிட்ட நிக்காதீங்க, மாஸ்க் கட்டாயம். இரும்பு அரைச்ச இடத்துலயே அலுமினியம் பஃப் போடாதீங்க. துருத்தூளும் அலுமினியத்தூளும் சேர்ந்த குப்பையில பொறி பட்டா தண்ணி ஊத்தி அணைக்கிற தீ இல்லை அது.

#13 அமிலகாரம்

சிவா சொன்னதைத் தொடர்கிறேன். மறு அனோடைஸ் செய்ய அம்பத்தூரிலும் கோவையிலும் பட்டறைகள் உண்டு, ஆனால் பெரும்பாலோர் ஜன்னல் சட்டம், மெஷின் பாகம் செய்பவர்கள். அவர்களிடம் சும்மா கொடுத்துவிட்டு வந்தால் வழக்கப்படி முதலில் காஸ்டிக் எட்ச் (காரத்தில் மேற்பரப்பை அரிப்பது) போடுவார்கள், நீங்கள் நாள் முழுக்க ஏற்றிய பளபளப்பு இரண்டு நிமிடத்தில் மேட் ஆகிவிடும். சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்: எட்ச் வேண்டாம், இலேசான டிகிரீஸ் (எண்ணெய் நீக்கம்) மட்டும், படலம் 8 முதல் 10 மைக்ரான், நிறம் ஏற்றக் கூடாது, சீலிங் கொதிநீரில், மைக்ரானுக்குக் குறைந்தது 2 நிமிடம். கட்டிடச் சட்டத்துக்குப் போடும் 25 மைக்ரான் கேட்காதீர்கள், தடிமன் ஏற ஏறச் சாம்பல் தட்டும். மின் இணைப்புக்குக் கொக்கி மாட்டும் இடத்தில் படலம் வளராது, அந்த இடத்தை மறைந்து போகும் முனையில் வைக்கச் சொல்லுங்கள்.

நான்கு கதவுப் பட்டைகளையும் ஒரே தொட்டியில் ஒரே தடவையில் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் நிறம் பொருந்தாது.

வாங்கும்போது சீலிங்கைச் சோதிக்க ஒரு குறுக்குவழி: மறைவான முனையில் பேனா மசி ஒரு சொட்டு வைத்து 5 நிமிடம் கழித்து ஈரத் துணியால் துடையுங்கள். கறை தங்கினால் துளை அடைபடவில்லை, திருப்பிக் கொடுத்துக் கொதிநீரில் மறுபடி போடச் சொல்லுங்கள். அமிலம் தொட்டு முறையாகச் செய்யும் சாயச் சோதனை வேறு, பட்டறை வாசலில் இது போதும்.

#14 டீடெய்லர் செல்வா

இதுக்குத்தான் நான் வினைல் பக்கம். கணக்குப் பாருங்க. பல ஜெர்மன் வண்டியில கீழ்ப் பட்டையை எடுக்க கண்ணாடியை முழுசா இறக்கணும், முனை ஸ்குரூவுக்காக கதவோட உள்பக்க பேடும் சில மாடல்ல கழட்டணும். வெளி ரப்பரும் பட்டையும் ஒரே துண்டா வார்த்திருந்தா ரப்பரைப் பிரிக்கவே முடியாது, அப்போ காஸ்டிக்கும் இல்ல, அனோடைஸும் இல்ல. கிளிப் பழசு, எடுக்கும்போதே நாலுல ஒண்ணு உடையும். கழட்டறதா இருந்தா ஹேர் டிரையர்ல 50 டிகிரி வரைக்கும் சூடு பண்ணி, பிளாஸ்டிக் நெம்பி வெச்சு, ஒரு முனையில இருந்து மெதுவா மேல் நோக்கி. ஸ்குரூ டிரைவர் வெச்சு நெம்பினா பட்டையில விழுற மடிப்பு எந்த பஃப்லயும் போகாது.

வினைலுக்கு 3எம் 2080 மாதிரி காஸ்ட் ஃபிலிம் எடுங்க. மலிவு கேலண்டர்டு ஃபிலிம் வளைவுல சுருங்கி ரெண்டு கோடையில ஓரம் தூக்கும். ஒட்டறதுக்கு முன்ன பட்டை வழுவழுப்பா இருக்கணும். 800 அடிச்சு 1000-ல நிறுத்திடலாம், பளபளப்பு தேவையில்லை. ஆல்கஹால்ல துடைச்சு, முனையில 5 மி.மீ. உள்பக்கம் மடக்கி, மடக்கின இடத்தை மட்டும் 95 முதல் 110 டிகிரிக்குச் சூடு காட்டி அழுத்தி விடணும். கண்ணாடி ரப்பர் உரசுற விளிம்பு வரைக்கும் கொண்டு போகாதீங்க, ரப்பர் ஏறி இறங்குறப்போ சுரண்டிடும், 2 மி.மீ. முன்னாடியே வெட்டிடுங்க.

#15 பஃப் பட்டறை (கோவை)

ரப்பரோட வார்த்த துண்டா இருந்தா செல்வா பேச்சு சரி. தனிப் பட்டையா இருந்தா உலோகமா வெச்சுக்கிறதுதான் அழகு, ரூஃப் ரெயில் மாதிரி தடிமனான துண்டுக்குக் கேக்கவே வேணாம். போல்ட்டைக் கழட்டினா கையோட வந்துடும், உரிச்சு பஃப் போட்டு அனோடைஸுக்கு அனுப்பிடலாம்.

வெறும் அலுமினியமாவே விடுறவங்களுக்கு: பாலிஷ் முடிஞ்ச அன்னிக்கே மூடிடணும். கறுப்பு மிச்சம் போக மைதா தூவி புது மைக்ரோஃபைபர்ல துடைச்சு, ஆல்கஹால் ஒரு கை, அப்புறம் சீலன்ட் ரெண்டு கோட்டு, நடுவுல 2 மணி நேரம் இடைவெளி. கார்னூபா மெழுகு பளபளன்னு இருக்கும், ஆனா நம்ம வெயில்ல ஒரு மாசம் தாண்டாது. சிந்தெடிக் சீலன்ட் ரெண்டு, மூணு மாசம் நிக்கும். சிலிக்கா கோட்டிங் அதைவிட நிக்கும், ஆனா அடியில ஒரு கறுப்புக் கோடு மிச்சமிருந்தாலும் அதையும் சேர்த்துப் பூட்டிடும். 2கே கிளியர் (ரெண்டு திரவம் கலந்து அடிக்கிற நிறமில்லாத பெயின்ட்) அடிக்கச் சொல்றவங்க உண்டு. பஃப் போட்ட வழவழப்புல அது பிடிக்க இடமே இல்லை, கல் அடிச்ச ஒரு ஓட்டை வழியா தண்ணி போனா புழுத் தடம் ஆரம்பிச்சிடும். நான் அடிக்கச் சொல்ல மாட்டேன்.

#16 நீலாங்கரை நவீன்

முடிவு பண்ணியாச்சு. மேல் பட்டைக்கு ஃபைன் பாலிஷும் சீலன்ட்டும். கீழ்ப் பட்டை தனித் துண்டுதான், ரப்பர் தனியா வருது. அதனால வாட்டர் பேப்பர், பஃப், மறு அனோடைஸ். கடைசியா ரெண்டு கேள்வி. கீழ்ப் பட்டை மட்டும் புதுசா மின்னினா மேல் பட்டையோட பொருந்துமா? ஆபீஸ் பேஸ்மென்ட்ல கான்கிரீட் கூரையில இருந்து வெள்ளையா தண்ணி சொட்டுது, பட்டை மேலயும் விழுது. அதுவும் இதைக் கெடுக்குமா?

#17 அமிலகாரம்

பொருந்தாது. மேல் பட்டை மங்கல் குறைந்தாலும் பழைய படலம், கீழ்ப் பட்டை புதிது. பகல் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும். எட்டுத் துண்டையும் சேர்த்துச் செய்வதுதான் முழு வழி. அதற்கு மனமில்லையென்றால் கீழ்ப் பட்டையைக் கடைசியில் வெள்ளை சோப்பு பஃப் போடாமல் ட்ரைபோலியோடு நிறுத்தி அனோடைஸுக்குக் கொடுங்கள், மினுக்கு ஒரு படி இறங்கி மேல் பட்டைக்கு அருகில் வரும்.

பேஸ்மென்ட் சொட்டு நிச்சயம் கெடுக்கும். கான்கிரீட்டின் ஊடாக வரும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது, பிஎச் 12-ஐ ஒட்டியது. புதிதாக விழுந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காய்ந்து பொருக்காகிவிட்டால் சுரண்டாமல் செல்வா சொன்ன வினிகர் ஒத்தடம், 1 நிமிடம், பிறகு அலசல். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் தெறிக்கும் சிமென்ட் பாலுக்கும் இதேதான். நிறுத்தும் இடத்தை மாற்ற முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

கழுவுவதற்கு பிஎச் நடுநிலை ஷாம்பு, 10 லிட்டருக்கு 30 மில்லி, நிழலில், பட்டை கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது. பாத்திரப் பவுடர், சாம்பல், சலவை சோடா எல்லாம் காரம். புளியும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பது பித்தளைக்கு, அந்த உப்பு இங்கே குழி போடும். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கழுவுபவர்கள் உண்டு, சாதாத் தண்ணீரை விட அதில் உப்பு அதிகம். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் ஒதுக்கி, ரப்பருக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள இடுக்கை உலர்ந்த துணி முனையால் துடைத்துவிடுங்கள்.